திறவுகோல் யாருடைய உடைமை?

மடிக்கணினியைக் கவிழ்த்து அதன் அடிப்புறத்தை என்றேனும் பார்த்ததுண்டா? தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு செபுதம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதலாண்டுகளில் அதனைப் பெற்றவராயின், அங்கே, அல்லது மின்கலத்தைக் கழற்றினால் அதன் குழிக்குள்ளே, சிறியதோர் ஒட்டுத்தாளைக் காண்பீர்கள். ஐந்தைந்து எழுத்தாக ஐந்து கூறுகள். ஆக இருபத்தைந்து எழுத்துகள். விண்டோசு என்னும் இயங்குதளத்தின் உரிமத் திறவுகோல் அதுவே. பல வீடுகளில் இன்று அது வெறும் வெண்டாளாகியிருக்கும். மடியிலும் திண்ணையிலும் தேய்ந்து, வியர்வை பட்டு, மை போய்விட்டது. போனது மையென்று நினைத்திருக்கின்றோம். மக்கள் வரிப்பணத்தில் விலை கொடுத்து வாங்கி, ஏழை மாணவர் கையில் ஒப்படைத்த ஓர் உடைமையின் சான்று போய்விட்டது என்பதை எவரும் அவர்க்குச் சொல்லவில்லை.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஏவல்கொள்ளும் அடிப்படை மென்பொருள். அஃதின்றேல் கணினி ஒரு நெகிழிப் பேழை; அவ்வளவே. வன்தட்டுப் பழுதுற்றாலோ, நச்சுநிரல் புகுந்துவிட்டாலோ அவ்வியங்குதளத்தை மீள நிறுவ நேரும். அப்போது, 'நீ இதற்கு விலை கொடுத்தவன்தானா?' என்று அது கேட்கும். அவ்வினாவுக்குரிய விடையே திறவுகோல். விடை கையில் இல்லாதவர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். முன்பே விலை கொடுத்த பொருளுக்கு மறுபடியும் விலை கொடுக்கின்றனர். அன்றேல் திருட்டுத் திறவுகோல் ஒன்றைக் கடைக்காரரிடம் பெற்றுக்கொண்டு தம்மை அறியாமலே குற்றத்திற்கு உடந்தையாகின்றனர். இரண்டும் தேவையில்லாதவை, தம் வீட்டுக்குள்ளேயே பொருளை வைத்துக்கொண்டு வெளியே தேடி அலைபவர் செயல்.

எம்மிடம் பயின்ற மாணவியொருத்தி திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரினள். 2018 நவம்பர் 16ஆம் நாள் நள்ளிரவு கடந்து, நாகப்பட்டினத்திற்கும் மக்கள் வேதாரணியம் என வழங்கும் திருமறைக்காட்டிற்கும் இடையே 'கசா' புயல் கரையேறியது. தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்த அவ்விரவில் அவள் வீட்டுக் கூரையும் பறந்தது. துணிமூட்டைக்குள் பொதிந்து வைத்திருந்த மடிக்கணினி இரண்டு நாள் நீரில் ஊறியது. நகரத்துப் பழுதுநீக்கும் கடையொன்றில், "தாய்ப்பலகை போயிற்று, தூக்கிப் போடு" என்றார்கள். அவளுடைய மாமன்மகனும் அதே வகை மடிக்கணினியைப் பள்ளியில் பெற்றவன். அவனுடையதில் தாய்ப்பலகை நலமாயிருந்தது; வன்தட்டுத்தான் கெட்டது. அதே கடையில் ஐந்நூறு உருபா பெற்றுக்கொண்டு, கழித்துப்போட்ட பழந்தட்டு ஒன்றைப் பொருத்தி 'விண்டோசு ஏற்றி'க் கொடுத்தார்கள். ஏற்றியது திருட்டுத் திறவுகோல் என்பது, திரையின் கீழ்மூலையில் நீங்காது நின்ற அறிவிப்பைப் பார்த்தபின்னரே தெரிந்தது. சில கிழமைகளில் அப்பழந்தட்டும் கெட்டது.

எம் பள்ளியின் கணினி ஆசிரியர் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்தார். மாணவியின் வன்தட்டு உலர்ந்தபின் உயிரோடிருந்தது. அதிலுள்ள கோப்புகளை முதலில் படியெடுத்துக்கொண்டு, அத்தட்டை மாமன்மகனுடைய கணினியில் பொருத்தி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினார். நாங்கள் திறவுகோலுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு காத்திருந்தோம். கணினி அதைக் கேட்கவேயில்லை! திறவுகோல் தொடக்கத்திலிருந்தே அவன் தாய்ப்பலகைக்குள் இருந்தது. கடைக்காரருக்குக் கொடுத்த ஐந்நூறு உருபாவும் வீண்; பெற்ற பழியும் வீண்.

இதனைச் சற்று விளக்கவேண்டும். ஏனெனில் இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். திறவுகோல் எல்லாக் கணினியிலும் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை.

விண்டோசு 7 வரையுள்ள கணினிகளில் ஒட்டுத்தாளே முதற்சான்று. கணினிக்குள்ளும், பதிவகம் என்னும் குறிப்புத்தொகுப்பில், ஒரு திறவுகோல் உருமாற்றி எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துக் காட்டும் சிறு மென்பொருள்கள் உண்டு. கணினி தொடங்க மறுத்தாலும், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படிக்கலாம். ஆனால் ஒரு பொறியை அறிந்துகொள்க. தொழிற்சாலையிலேயே இயங்குதளம் நிறுவப்பட்டு வந்த கணினியாயின், அவ்வாறு படித்துக் காட்டப்படும் திறவுகோல் உங்களுடையதன்று. அது அக்கணினியைச் செய்த குழுமம் தன் கணினிகள் பலவற்றுக்கும் பொதுவாக இட்டது. உங்களுக்கென்றே வழங்கப்பட்டது ஒட்டுத்தாளில் இருப்பதுதான். இரண்டும் வேறுபட்டிருப்பதைக் கண்டு 'நம் கணினியே போலி' என்று அஞ்சியவர்களை யாம் அறிவோம். அஞ்ச வேண்டா. ஒட்டுத்தாளைப் படித்து எழுதுங்கள்; இணையத்தின் வழி ஏற்காவிடில் தொலைப்பேசியின் வழி ஏற்கச்செய்யும் முறையும் வைக்கப்பட்டிருந்தது.

மங்கிய தாளைப் படிப்போர்க்கு ஒரு குறிப்பு. அக்காலத் திறவுகோல்களில் ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் இல்லை. சுழியம், ஒன்று, ஐந்து ஆகிய எண்களும் இல்லை. குழப்பந்தரும் குறிகளை நீக்கி, 24 குறிகளைக் கொண்டே அவற்றை அமைத்தனர். ஆதலால் சுழியம்போலத் தோன்றுவது 'கியூ' அல்லது 'டி'யாகவே இருத்தல் வேண்டும். ஏட்டுச்சுவடியில் புள்ளியில்லா எழுத்தையும், ஒன்றுபோலத் தோன்றும் குறிலையும் நெடிலையும் இடம்நோக்கிப் படித்துப் பழகிய நம்மவர்க்கு இஃது அரிய வேலையன்று.

2012இல் வெளிவந்த விண்டோசு 8 முதல் முறை மாறிற்று. ஒட்டுத்தாள் போய், தொழிற்சாலையில் நிறுவிவரும் கணினிகளில் திறவுகோலைத் தாய்ப்பலகையின் நிலைபொருளிலேயே பதித்துவிட்டனர். எம்.எசு.டி.எம். என்று பெயரிட்ட ஒரு சிறு அட்டவணையில் அது கிடக்கின்றது. வன்தட்டை மாற்றினாலும், முழுதும் துடைத்தாலும் அது அழிவதில்லை. மீள நிறுவும்போது இயங்குதளம் தானே அதைப் படித்துக்கொள்ளும். விண்டோசிலிருந்தும் இலினக்சிலிருந்தும் ஒற்றைவரி ஆணையால் அதைத் திரையில் வரவழைத்து எழுதிக்கொள்ளலாம். 2015இல் வந்த விண்டோசு 10, திறவுகோலின்றியே இன்ன கணினி உரிமம் பெற்றது என்று மைக்ரோசாப்டுக் குழுமத்தின் வழங்கியில் குறித்துவைக்கும் முறையையும் கொணர்ந்தது. 2016 முதல் அவ்வுரிமத்தை ஒருவர்தம் கணக்கோடு பிணைத்துவைக்கவும் வழி செய்தனர். உறுப்பு மாற்றிய பின்னர் உரிமத்தை மீட்க அது பெரிதும் உதவும். ஆயினும் உறுப்பு மாறுமுன்னரே பிணைத்திருக்கவேண்டும். வெள்ளம் வந்தபின் அணை கட்ட இயலாது.

இனி எம் மாணவியிடம் திரும்புவோம். மாமன்மகன் திறவுகோல் மீண்டது. அவளுடைய திறவுகோல் என்னவாயிற்று? நீரில் ஊறிச் செத்த தாய்ப்பலகைக்குள் அது கிடக்கின்றது. கணினியோடு சேர்த்து விற்கப்படும் உரிமம் அக்கணினியோடு பிறந்து அக்கணினியோடே சாகவேண்டும் என்பது அக்குழுமம் வகுத்த நெறி. தாய்ப்பலகையே அக்கணினியின் உயிரென்றும், மேம்படுத்துவதற்காக அதனை மாற்றினால் அது வேறொரு கணினியென்றும் வரையறுத்துள்ளனர். பழுதுற்ற பலகைக்கு ஈடாக வேறு பலகை இடுவதற்கு மட்டும் விலக்குண்டு. அவ்வகைப் பலகைகளோ கடையில் கிடைப்பதில்லை. கடையில் தனியாக விலைகொடுத்து வாங்கும் உரிமத்திற்கு இக்கட்டில்லை. பழைய கணினியிலிருந்து கழற்றிவிட்டுப் புதிய கணினியில் இடலாம். செல்வர் வாங்கும் திறவுகோல் அவரோடு செல்கின்றது; ஏழை மாணவிக்கு அரசு வாங்கிக் கொடுத்த திறவுகோல் இரும்போடு சாகின்றது. புயலில் மாண்டது பலகை. மென்பொருளுக்கு என்ன நேர்ந்தது? அதனை ஏன் அவள் வேறொரு கணினியில் பயன்கொள்ளக் கூடாது?

சட்டத்தைக் கேட்போம். விற்பனை வரி தொடர்பான வழக்கொன்றில் இந்திய உச்ச நயன்மன்றம் 2004இல், பெட்டியிலிட்டு விற்கப்படும் மென்பொருள் 'சரக்கே' என்று தீர்ப்பளித்தது. வரி வாங்கும்போது அது சரக்கு. விலை கொடுத்தவர் தம் சரக்கை வேறிடத்துக்கு எடுத்துச்செல்ல முற்படும்போது மட்டும் அது சரக்கன்று, வெறும் இசைவு என்கின்றனர்! இம்முரண்பாடு எந்தத் தருக்க நூலில் அடங்கும்? செருமனியின் கூட்டரசு நயன்மன்றம் 2000ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கணினியோடு சேர்த்தே விற்கவேண்டுமென்று மைக்ரோசாப்டு விதித்த கட்டு, முதல் விற்பனைக்குப் பின்னர் அப்பொருளைக் கைக்கொள்ளும் மூன்றாமவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நயன்மன்றம் 2012 சூலை 3இல், பயன்படுத்திய மென்பொருள் உரிமத்தை மறுபடி விற்கலாம், விற்பவர் தம்மிடமுள்ள படியை இயங்காமற் செய்துவிட வேண்டும் என்றது. ஈதன்றோ நடுநிலை? கொடுத்தவன் தன்னிடம் ஒன்று வைத்துக்கொள்ளக்கூடாது. கொள்பவன் கொண்டதைப் பயன்படுத்தலாம். உழவுமாடு விற்பவனுக்கும் இதே முறைதான்.

நம் நாட்டுப் படைப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறைப்படி மென்பொருளைக் கைக்கொண்டவர் இழப்பிற்கும் அழிவிற்கும் காப்பாகப் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்கின்றது. எனவே தம் கணினியின் திறவுகோலைத் தாமே எழுதிவைப்பதும், மீட்புப்படி எடுத்துவைப்பதும் குற்றமென்று எவரேனும் அச்சுறுத்தினால் பொருட்படுத்த வேண்டா. அதே சட்டத்தின் 63-பி பிரிவையும் மறைக்கமாட்டோம். திருட்டு மென்பொருள் என்று அறிந்தே பயன்படுத்துவோர்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு இலக்கம் உருபா வரை தண்டத்தொகையும் அதில் உண்டு. ஆதாயம் கருதாதவர்க்குச் சிறையை விலக்க மன்றத்திற்கு இசைவுண்டு என்பது ஒரு சிற்றாறுதல். ஆகவே ஒரே திறவுகோலை ஊரார் பத்துப்பேர் பங்கிட்டுக்கொள்வதற்கு யாம் வழிகாட்டவில்லை. மிகக் குறைந்த விலைக்கு எவரோ விற்கும் எழுத்துச்சீட்டும் வேண்டா. எங்கோ ஓர் அலுவலகத்திற்குத் தொகையாக வழங்கப்பட்டதைக் கசியவிட்டு விற்பவை அவற்றுட் பல. உரிமத்தை ஏய்க்கும் கள்ள மென்பொருள்களோ தம்மோடு நச்சுநிரலையும் அழைத்துவருவன. நாம் கேட்பது நம்முடையதை மட்டுமே.

தஞ்சைத் தரணியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது விதைநெல்லை நினையாதிருக்க முடியவில்லை. அறுத்த நெல்லில் நல்லதைத் தெரிந்து, வைக்கோற் புரியால் கோட்டை கட்டி, அடுத்த பருவத்திற்கு வைப்பது இம்மண்ணின் வழக்கம். பட்டினி கிடந்தாலும் அக்கோட்டையைப் பிரிக்கமாட்டார்கள். 2001ஆம் ஆண்டின் பயிர்வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், காப்புரிமை பெற்ற விதையாயினும் அதன் விளைச்சலை உழவர் சேமிக்கலாம், மீள விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம் என்று எழுதிவைத்தது. குழுமத்தின் பெயர் பொறித்த விதையாக மட்டும் விற்கக்கூடாது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் செயராமன், இரண்டு கிலோ மரபு விதைநெல்லைக் கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். அவர் 2018 திசம்பர் 6இல், அப்புயல் அடித்த மூன்று கிழமைக்குள், மறைந்தார். விதைக்கு அறிந்தேற்ற உரிமையை இருபத்தைந்து எழுத்துக்கு மறுப்பதேன்? விதை பெருகும், திறவுகோல் பெருகக்கூடாது என்பர். சரி, பெருக்க வேண்டா. ஒரு வயலில் வெள்ளம் நின்றால் அவ்விதையை மேட்டு வயலில் இடுவதற்காவது விடுங்கள் என்கிறோம்.

குடந்தைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ஓலை சிதையச் சிதையப் பெயரறியாத எத்தனையோ கைகள் அதனைப் புது ஓலைக்கு மாற்றியெழுதியிராவிடில் அவர் கைக்கு எதுவும் வந்திராது. 'இந்நூல் இவ்வோலைக்கே உரியது, இவ்வோலையோடே அழிக' என்று எவனாவது முடங்கல் வைத்திருந்தால், சரசுவதி மகால் நூலகத்தில் இன்று கறையான்தான் மிஞ்சியிருக்கும்.

அரசுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகின்றோம். 2025-26ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலக்கம் பேர்க்கு இரண்டாண்டுகளில் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழ்நாட்டரசு அறிவித்தது. இவ்வளவு பெருந்தொகையாக வாங்குபவன் நெறி வகுக்க வல்லவன். விற்பவன் வகுத்த நெறிக்குத் தலையாட்டவேண்டியவன் அல்லன். ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதுங்கள்: புயலாலோ வெள்ளத்தாலோ கணினி அழிந்தால் அதன் உரிமம் அம்மாணவரின் வேறொரு கணினிக்குச் செல்லும் என்று. கணினியைக் கையில் கொடுக்கும்போது அதன் திறவுகோலை அழியாத் தாளில் அச்சிட்டுத் தனியே கொடுங்கள். மீள நிறுவும் முறையைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிச் சேருங்கள். ஆயிரக்கணக்கான உருபா விலையுள்ள பொருளோடு ஒரு பக்கத் தமிழ்த்தாள் வைக்க இயலாதா? கழித்துப்போட்ட மடிக்கணினிகளை மாவட்டந்தோறும் ஓரிடத்தில் திரட்டினால், பலகை நலமானதையும் தட்டு நலமானதையும் சேர்த்து இரண்டில் ஒன்றைப் பிழைப்பிக்கலாம். எம் பள்ளி ஆசிரியர் ஒரே நாளில் செய்தார்.

பழைய மடிக்கணினி வைத்திருப்போர் ஓர் உண்மையையும் கேட்டுக்கொள்ளவேண்டும். திறவுகோல் மீண்டாலும் அது திறக்கும் வீடு பாழ்வீடாகியிருக்கலாம். விண்டோசு 7க்கான காப்பு இற்றைப்படுத்தம் 2020 சனவரி 14இல் நின்றது, 8.1க்கு 2023 சனவரி 10இல். 10க்குப் பொதுவான ஆதரவு 2025 அகுத்தோபர் 14இல் முடிந்தது. 7, 8.1 ஆகியவற்றின் திறவுகோலை விண்டோசு 10இலும் இட்டுக்கொள்ள இருந்த வழியை 2023 செபுதம்பரில் அடைத்துவிட்டனர். விண்டோசு 11 அப்பழங்கணினிகளுட் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. ஆயினும் முதலாண்டுகளின் அரசு மடிக்கணினிகளில் விண்டோசு 7இன் தொடக்கநிலைப் பதிப்பின் அருகிலேயே 'பாசு' என்னும் இலினக்சும் நிறுவப்பட்டிருந்ததை நினைவூட்டுகின்றோம். முன்னது திரையின் பின்னணிப் படத்தை மாற்றுதற்கும் இடங்கொடாதது. பின்னது திறவுகோலே கேளாதது. எத்தனை கணினிக்கும் படியெடுக்கலாம், பிறர்க்கும் கொடுக்கலாம் என்று அதன் உரிமமே கூறுவது. பட்டிகளைத் தமிழிலேயே காட்டவல்லது. 2014 ஏப்பிரலில் விண்டோசு எக்சுபிக்கு ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்களும் பாசுக்கு மாறுமாறு தமிழ்நாட்டரசே சொல்லியது. மாணவருட் பெரும்பாலோர் அப்பக்கத்துக் கதவைத் திறந்தும் பார்க்கவில்லை. கற்பிக்க ஆளில்லை, அது மாணவர் குறையன்று, ஆசிரியராகிய எம் போல்வார் குறையே.

அம்மாணவி இன்று தன் ஊரில் சிறியதோர் எழுத்துக்கடை வைத்திருக்கின்றாள். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கு மனுச் செய்வோர் அடங்கலும் வங்கிப் பொத்தகமும் கையுமாக வாசலில் நிற்பர். இரண்டை ஒன்றாக்கிய அதே மடிக்கணினிதான். சென்ற ஆண்டு அதில் இலினக்சை ஏற்றிக் கொடுத்தார் எம் ஆசிரியர். ஏற்றுமுன், தாய்ப்பலகையிலிருந்த அந்த இருபத்தைந்து எழுத்துகளையும் திரையில் வரவழைத்துக் காட்டினார். அவள் ஒரு தாளில் எழுதி, மாமன்மகன் பெயரையும் மேலே குறித்து, குடும்ப அட்டையோடு சேர்த்துத் தகரப்பெட்டியில் வைத்திருக்கின்றாள்.